பால் வெட்டப் போகும் இருட்டில்

குலசேகரம் பக்கம் 22 வருடமாக ரப்பர் பால் வெட்டுகிறேன். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் மூன்று மணிக்கே பைக்கை எடுத்துவிடுவேன்.

போன ஐப்பசியில் ஒரு நாள் எதிரே ஒரு லாரி முழு வெளிச்சத்தோடு வந்து கடந்தது. அது போனதும் கண்ணில் ஒன்றுமே இல்லை, வெறும் கறுப்பு. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் ஓடிவிடும். கறுப்புச் சாரம் (லுங்கி) கட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு போன ஒரு பெரியவர் பின்னால் வைத்திருந்த சாக்கில் என் ஹேண்டில்பார் உரசிய பிறகுதான் அங்கே ஆள் இருப்பதே தெரிந்தது. அவருக்கு அடி படவில்லை. எனக்குத்தான் கை நடுக்கம் நிற்க அரைமணி நேரம் ஆனது.

வைட்டமின் ஏ மாத்திரை வாங்கிப் போடலாம் என்று நினைத்தேன். "முதல்ல கண்ணக் கொண்டு காட்டுங்க" என்று மனைவி நாகர்கோவிலுக்கு அனுப்பினாள். அங்கே சொட்டு மருந்து விட்டுக் கண்பாவையை விரியவைத்துப் பார்ப்பார்கள். அதன்பின் சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். போகிறவர்கள் பைக்கை விட்டுவிட்டு பஸ்ஸில் போங்கள்.

புரை இல்லை, சர்க்கரையும் இல்லை. இரண்டு கண்ணிலும் மைனஸ் 0.75 பவர், அதாவது லேசான கிட்டப்பார்வை இருந்தது. பகலில் பாவை சுருங்கியிருப்பதால் இவ்வளவு சின்னக் குறை அவ்வளவாகத் தெரியாதாம். இருட்டில் பாவை விரியும்போது அதே குறை பெரிதாகிவிடும். மாத்திரையைப் பற்றிக் கேட்டேன். "மீனும் முருங்கைக்கீரையும் சாப்பிடுறீங்க இல்லையா? உங்களுக்கு இது மாலைக்கண் இல்லை. தேவையில்லாம வைட்டமின் ஏ போட்டா உடம்புல தேங்கி ஈரலைக் கெடுக்கும்" என்றார் டாக்டர்.

கண்ணாடி பாதிதான் சரிசெய்தது. மீதியை என் பழக்கத்தில்தான் மாற்ற வேண்டியிருந்தது. எழுந்ததும் போனைப் பார்ப்பேன், அடுக்களையில் டியூப் லைட் எரியும், அந்தக் கண்ணோடு நேரே இருட்டுக்குள் இறங்குவேன். கண் இருட்டுக்கு முழுசாகப் பழக அரைமணி நேரம் பிடிக்கும், பளீரென்ற வெளிச்சம் ஒன்று அதைச் சட்டென்று அழித்துவிடும். இப்போது ஒரு மங்கல் பல்பில்தான் கட்டன்சாயா. டியூப் லைட் போட்டே ஆகவேண்டும் என்றால் ஒரு கண்ணை மூடிக்கொள்வேன், அந்தக் கண் இருட்டை மறக்காது. இது வீட்டுக்குள் மட்டும். ரோட்டில் எதிர்வெளிச்சம் வந்தால் வேகத்தைக் குறைத்து, ரோட்டின் இடது ஓரத்தைப் பார்த்தே போகிறேன். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியையும் மாற்றினேன். ஒவ்வொரு கீறலும் எதிர்வெளிச்சத்தை வாங்கிச் சிதறடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

எங்களுக்கு மீன் கொண்டுவரும் குளச்சல் பாட்டா முன்பு கட்டுமரத்தில் போனவர். என் கதையைக் கேட்டுவிட்டு, "லே மக்கா, ராத்திரி எதையும் நேரா முழிச்சுப் பாக்காத. கொஞ்சம் பக்கத்துல பாரு, அது தன்னால தெரியும்" என்றார். அடுத்த தடவை டாக்டரிடம் கேட்டபோது அவர் ஆமோதித்தார். மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி செல்கள் விழித்திரையின் நட்டநடுவில் கிடையாது, சுற்றிலும்தான் நெருக்கமாக இருக்கின்றன. பாட்டாவுக்கு அதைக் கடல் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

தோட்டத்துக்குள் இன்னொரு சிக்கல். நெற்றி லைட் கண்ணுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் தரையில் விழும் நிழல் நமக்குத் தெரியாது, மேடும் பள்ளமும் ஒரே தட்டையாகிவிடும். தை, மாசியில் இலை உதிர்ந்து கிடக்கையில் விரியன் கிடந்தாலும் இலையோடு இலைதான். மரத்துக்கு மரம் நடக்கும்போது இப்போது கையில் ஒரு டார்ச்சை இடுப்புக்குக் கீழே தாழ்த்திப் பிடிக்கிறேன். சாய்ந்து விழும் வெளிச்சத்தில் ஒரு சிரட்டைக்குக்கூட நீளமாக நிழல் விழும். நெற்றி லைட்டில் சிவப்புத் தாள் ஒட்டினால் கண் கெடாது என்றார்கள், ஒட்டிப் பார்த்தேன். கண் இருட்டோடு இருந்தது வாஸ்தவம், ஆனால் பழுப்பு இலையும் மண்ணும் ஒரே நிறமாகிவிட்டன. பாம்பு இருக்கும் இடத்தில் அது வேண்டாம் என்று கிழித்துவிட்டேன்.

அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்து சைக்கிளின் பின்னால் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுத்தேன். முன்னால் இன்னும் ஒன்றும் இல்லை. சந்தைக்குப் போகும்போது சின்னதாக ஒரு பேட்டரி லைட் வாங்க வேண்டும்.