அக்கா பக்கத்தில் இருக்கும்போது

விடுமுறைக்கு எல்லோரும் ஒரே வீட்டில் கூடியிருக்கிறோம். ஒரே சத்தம், சிரிப்பு. இதற்கு நடுவில் நான் பார்த்துக்கொண்டே இருப்பது அக்காவைத்தான்.

அம்மாவுக்கு இப்போதெல்லாம் இடது காது சரியாகக் கேட்பதில்லை. கூட்டமாகப் பேசினால் ஒன்றுமே புரியாமல், மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்து வைப்பார். அக்கா எப்போதும் அம்மாவின் வலது பக்கத்தில்தான் உட்காருகிறாள். யாராவது ஏதாவது சொல்லி எல்லோரும் சிரித்தால், உடனே குனிந்து அதை அம்மா காதில் திரும்பச் சொல்கிறாள். அரை நிமிடம் கழித்து அம்மா மட்டும் தனியாகச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்காகவே அக்காவுக்குக் கோடி நன்றி சொல்லலாம்.

நேற்று ஒரு உறவினர் என் வேலையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்க ஆரம்பித்தார். வேலை போனது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். "டேய், இங்க வா, இந்தக் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்தணும்" என்று உள்ளேயிருந்து குரல். போனால், நகர்த்த ஒன்றும் இல்லை. "சும்மா உட்காரு" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். நான் வாய் திறப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிடும்.

இப்படி ஒருத்தியோடு கூடப்பிறந்தது என் பாக்கியம். மனசாரச் சொல்கிறேன்.

அப்புறம் அக்கா, நாளைக்குக் காலையில் நீ சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம். அடுப்படியை நானும் மாமாவும் பார்த்துக்கொள்கிறோம்.