ஆறு நாற்காலிகளைப் பிரித்து அடித்த கதை

சாப்பாட்டு மேசை நாற்காலிகள் ஆறுக்கும் உட்காரும் மெத்தையை நானே மாற்றுவது என்று முடிவு செய்தபோது, இரண்டு சனி ஞாயிறில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். இப்போது எட்டாவது வாரம் நடக்கிறது, ஐந்து முடிந்திருக்கிறது, ஆறாவது பிரித்தபடி மேசை மேல் கிடக்கிறது. தாமதத்துக்குக் காரணம் துணி அடிக்கும் வேலை இல்லை, அது ஒரு நாற்காலிக்கு ஒரு மணி நேரம்தான். பழையதைப் பிரிப்பதுதான் முக்கால்வாசி வேலை, நான் கற்றுக்கொண்டதும் அநேகமாக முழுக்க அங்கேதான்.

நாற்காலிகளின் மரத்தில் ஒரு குறையும் இல்லை. மேலே இருந்த ரெக்ஸின் மட்டும் பொடிப்பொடியாக உரிந்து, உட்கார்ந்து எழுந்தவர்களின் துணியிலெல்லாம் கறுப்புச் செதிலாக ஒட்டிக்கொண்டிருந்தது. போன வருடம் உரிந்த இடங்களில் பசை தடவி ஒட்டிப் பார்த்தேன், ஒரு மாதம் தாங்கவில்லை. துணியின் மேல் பூசியிருக்கும் பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் படலம் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சிதைகிறது, அதனால் ஒரு இடத்தில் உரிய ஆரம்பித்தது என்றால் மற்ற இடங்களும் உள்ளுக்குள் அதே நிலையில்தான் இருக்கும். அதற்கு ஒட்டு வேலை கிடையாது, கழற்றி எறிய வேண்டியதுதான். ஆனால் ஒரு மெல்லிய மேல்தோலுக்காக ஆறு நல்ல நாற்காலிகளை வெளியே தூக்கிப் போட எனக்கு மனம் வரவில்லை.

அம்மா சொன்னது வேறு. “எதுக்கு அதைப் பிரிச்சுக்கிட்டு இருக்கே, மேலேயே இன்னொரு துணியை இழுத்துப் போட்டு அடிச்சுடேன்.” முதல் நாற்காலியில் முப்பது ஸ்டேப்ளர் பின் பிடுங்கி விரல் நொந்த பிறகு எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இந்த வகை நாற்காலியில் மெத்தைப் பலகை சட்டத்தின் உள்ளே இறங்கி உட்காரும், அடியிலிருந்து நான்கு திருகாணிகள் பிடித்துக்கொள்ளும். பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு துணியின் தடிமனுக்குத்தான் இடம் விட்டிருப்பார்கள். மேலுக்கு மேல் துணி போட்டால் பலகை உள்ளே இறங்காது, அடித்து இறக்கினால் சட்டத்தின் மூட்டுதான் விட்டுப்போகும். சரி, பிரித்தே தீர வேண்டும்.

ஒரு பலகைக்கு எழுபது பின் இருக்கும், சிலவற்றில் அதற்கும் மேலே. முதல் நாற்காலிக்கு மூன்று மணி நேரம் ஆனது, ஐந்தாவதற்கு நாற்பது நிமிடம். மெல்லிய பட்டை ஸ்க்ரூ டிரைவரைப் பின்னின் ஒரு காலுக்கு அடியில் நுழைத்து லேசாகத் திருகினால் அந்தக் கால் எழும், பிறகு குறடால் பிடித்து மற்றக் காலை உருட்டி எடுக்க வேண்டும். நேராக இழுத்தால் பாதியில் முறிந்து, நின்ற முனை உள்ளங்கையைக் கிழிக்கும். முறிந்ததைத் தோண்டி எடுக்கப் போகாமல் சுத்தியால் தட்டி மரத்துக்குள் இறக்கிவிடுவது நல்லது. பின் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். பழைய ஃபோம் தொட்டாலே மஞ்சள் தூளாக உதிர்கிறது, அதற்கு மூக்கையும் மூடிக்கொள்ள வேண்டும். நான் முதல் நாள் மூடாமல் உட்கார்ந்து இரவெல்லாம் இருமினேன்.

இரண்டாவது நாற்காலியில் ஃபோமை எடுத்தபோது கீழே பலகை வரவில்லை, இன்னொரு மெத்தை வந்தது. பஞ்சு வைத்து, மேலே பூப்போட்ட பருத்தித் துணி இழுத்து, பின் இல்லாமல் சின்னச் சின்ன ஆணியால் அடித்தது. மேல்பக்கம் நிறம் போய்ச் சாம்பலாக இருந்தது, மடிப்பைப் பிரித்தால் உள்ளே ஊதாவும் பச்சையும் அப்படியே இருந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, “இது நம்ம முன் அறை ஜன்னல்ல தொங்கின திரைடா, உங்க அப்பா அடிச்சது,” என்றார். ஃபோம் போட்டு ரெக்ஸின் அடித்தவர் யாரோ பின்னால் வந்த கூலிக்காரர், அப்பா செய்ததைப் பிரிக்காமல் அதன் மேலேயே வைத்து மூடிவிட்டிருக்கிறார். அதனால்தான் அந்த ஒரு நாற்காலி மட்டும் எப்போதும் மற்றவற்றைவிட உயரமாகத் தெரிந்தது போலிருக்கிறது.

அப்பா அடித்த ஆணிகளை உடனே பிடுங்காமல் ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் ஆணிகள் நெருக்கமாக, ஓரத்துக்குப் போகப் போக இரண்டு விரல் இடைவெளியில் இருந்தன. மூலையில் துணியின் நுனியை முதலில் பலகையின் நடுவை நோக்கிச் சாய்வாக இழுத்து ஒரே ஆணி அடித்திருக்கிறார். அதற்கு இரண்டு பக்கமும் மிஞ்சும் துணியை, அஞ்சல் உறை மடிப்பது போல, ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து இறக்கியிருக்கிறார். மடிப்புக்குள் போகும் உபரித் துணியைக் கத்தரித்து எடுத்துவிட்டதால் மூலை தட்டையாக இருந்தது. நான் முதல் நாற்காலியில் பட்ட பாட்டுக்கெல்லாம் பதில் அந்த ஒரு மூலையிலேயே இருந்தது.

முதல் நாற்காலியில் நான் செய்தது இது. முன் ஓரத்தை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வரிசையாகப் பின் அடித்து முடித்துவிட்டு, பிறகு பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். துணியின் கோடுகள் அலை அலையாக நெளிந்தன, நடுவில் ஒரு சுருக்கம் நின்றது, அது எதற்கும் மசியவில்லை. முழுவதையும் கழற்றினேன். சரியான முறை என்னவென்றால், பலகையைக் கவிழ்த்து வைத்து, முன்பக்க நடுவில் ஒரு பின், நேர் எதிரே பின்பக்க நடுவில் ஒரு பின், அப்புறம் இடது நடு, வலது நடு. இந்த நான்கு பின்னோடு திருப்பிப் பார்த்துக் கோடு நேராக இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். பிறகு நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிர் பக்கங்களுக்கு மாறி மாறிப் போக வேண்டும், மூலைக்கு ஐந்து சென்டிமீட்டர் முன்னாலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும், மூலை கடைசியில்தான். எவ்வளவு இழுப்பது என்று கேட்டால், ஃபோமின் ஓரம் உருண்டு வளையும் வரை. அதற்கு மேல் இழுத்தால் ஒவ்வொரு பின் இருக்கும் இடத்திலும் மேலே ஒரு பள்ளக்கோடு விழுந்துவிடும். பின்னின் கால் நீளமும் கவனிக்க வேண்டியது. என் பலகை 12 மில்லிமீட்டர் பிளைவுட், அதற்கு 8 அல்லது 10 மில்லிமீட்டர் பின் போதும். 14 வாங்கியிருந்தால் மறுபக்கம் முனை நீட்டிக்கொண்டிருந்திருக்கும்.

ஃபோம் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், வாங்கப் போகிறவர்களுக்கு உதவும். 40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று பொருள், வேறு மர்மம் ஒன்றும் இல்லை. அது எவ்வளவு காலம் பள்ளம் விழாமல் உழைக்கும் என்பதைச் சொல்லுமே தவிர, கெட்டியா மிருதுவா என்பதைச் சொல்லாது, கெட்டித்தன்மை தனி அளவு. எடைதான் கணக்கு என்றால் வீட்டுத் தராசிலேயே சோதித்துவிடலாமே என்று தோன்றியது. என் பலகை 45க்கு 42 சென்டிமீட்டர், ஃபோம் 5 சென்டிமீட்டர் தடிமன், பெருக்கினால் 9,450 கன சென்டிமீட்டர். 40 டென்சிட்டியாக இருந்தால் ஒரு துண்டு 378 கிராம் இருக்க வேண்டும். 40 என்று சொல்லித் தந்த துண்டுகளை நிறுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் 285 கிராம், அதாவது முப்பதுதான். திரும்ப எடுத்துப்போய்க் கணக்கை எழுதிக் காட்டினேன், விற்றவர் ஒன்றும் பேசாமல் வேறு தட்டிலிருந்து எடுத்துத் தந்தார், அவை 370க்கு மேல் நின்றன. நாற்காலி தினமும் உட்காரும் இடம், இதில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பது என் கருத்து. மற்றதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும்.

துணி வீட்டிலேயே கிடைத்ததுதான், பழைய ஜீன்ஸ். மெத்தைக்கென்று நெய்யும் துணிகளை மார்ட்டிண்டேல் என்ற இயந்திரத்தில் தேய்த்துப் பார்த்து எத்தனை ஆயிரம் தேய்ப்புக்குத் தாங்குகிறது என்று எண் போடுவார்கள், வீட்டு உபயோகத்துக்கு 15,000 முதல் 25,000 வரை என்பது வழக்கமான அளவு. என் ஜீன்ஸ்களுக்கு அப்படி எண் எதுவும் கிடையாது, ஆனால் முழங்காலும் தொடையும் நைந்த ஒரு ஜீன்ஸில் கெண்டைக்காலுக்குப் பின்னால் இருக்கும் பகுதி மட்டும் புதிதுபோலவே இருக்கும், நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். அந்தப் பகுதிகளை மட்டும் நீளப் பட்டைகளாக வெட்டிக்கொண்டேன். ஒவ்வொரு பக்கமும் ஃபோமின் உயரம், பலகையின் தடிமன், அடியில் மடிய நான்கு சென்டிமீட்டர், இழுக்கும்போது கைக்குப் பிடிக்க மூன்று என்று கூட்டினால் பதின்மூன்று சென்டிமீட்டர் கூடுதல் வேண்டும். ஆக 71க்கு 68 துணி, அதற்கு நான்கு பட்டைகளை இணைக்க வேண்டியிருந்தது. ஒரு நாற்காலிக்கு இரண்டு ஜீன்ஸ். சித்தப்பா வீட்டிலும் கேட்டு வாங்கினேன்.

பட்டைகளை இணைக்க, ஜீன்ஸின் கால் பக்கத்தில் இருப்பது போல ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட்டேன். பார்க்க மிக நன்றாக வந்தது. பலகை சட்டத்துக்குள் இறங்கவில்லை. தையல் ஓடிய இடத்தில் நான்கு மடிப்பு டெனிம் சேர்ந்து, ரெக்ஸினைவிடப் பல மடங்கு தடித்துவிட்டிருந்தது. மூன்றாவது நாற்காலியிலிருந்து ஒற்றைத் தையல் போட்டு, தையல் ஓரத்தை இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டுவிட்டேன். அப்படியும் இறுகியது, பலகையின் நான்கு ஓரங்களையும் உப்புத்தாளால் ஒரு மில்லிமீட்டர் அளவு தேய்த்த பிறகுதான் சுகமாக இறங்கியது. முன்பே துவைத்துத் துவைத்துச் சுருங்கி முடித்த துணி என்பதால் இனி இது சுருங்காது. புதுப் பருத்தித் துணி போடுவதாக இருந்தால் வெட்டும் முன் ஒரு முறை நனைத்துக் காயவைக்க வேண்டும்.

நான்காவது நாற்காலி ஆடியது. மூட்டில் பசை விட்டு இறுக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து அப்படியே செய்தேன், இரண்டு நாளில் மறுபடி ஆடியது. காய்ந்த வெள்ளைப் பசையின் மேல் புதுப் பசை பிடிக்காது, அது மரத்துக்குள் ஊறினால்தான் பிடிக்கும். இங்கேயும் பிரிக்கத்தான் வேண்டியிருந்தது. மூட்டை முழுதாகக் கழற்றி, பழைய பசையின் மேல் வெதுவெதுப்பான வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிவைத்து, இளகியதும் கத்தியால் மரம் தெரியும் வரை சுரண்டி, ஒரு நாள் காயவிட்டு, அதன் பிறகு பசை போட்டேன். இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் என்னிடம் இல்லை. நாற்காலிக் கால்களைச் சுற்றி இரட்டைக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியை நுழைத்து முறுக்கினேன், கயிறு பதிந்துவிடாமல் காலில் துணி வைத்துக்கொண்டேன். முறுக்கும்போது சட்டம் கோணிவிடும், மூலைக்கு மூலை இரண்டு வாக்கிலும் அளந்து சமமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருபத்து நான்கு மணி நேரம் தொடவில்லை. இப்போது அசையவில்லை.

இடையில் பசை காயும் நேரத்தில் செய்த ஒரு சின்ன வேலையையும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நைந்துபோன படுக்கை விரிப்புகளை நீளவாக்கில் நடுவாக வெட்டி, வெளி ஓரங்கள் இரண்டையும் நடுவில் சேர்த்துத் தைத்து, நைந்த பக்கத்தை வெளியே கொண்டுவந்து மடித்து அடித்தேன். ஓரங்கள் உடம்பே படாத இடம், நூல் அப்படியே உறுதியாக இருந்தது. நடுவில் ஒரு தையல் கோடு வரும், படுத்தால் தெரிவதில்லை. இரண்டு விரிப்பு இப்படித் தேறியது.

மூன்று நாற்காலிகளை முடித்து மாட்டும்போதுதான் ஒன்று கவனித்தேன். அளவு ஒன்றுதானே என்று பலகைகளை மாற்றிப் போட்டால் எதுவும் பொருந்தவில்லை, ஒன்று இறுகியது, ஒன்றில் ஓரம் இடைவெளி விட்டது. விளக்கை அடியில் பிடித்துப் பார்த்தால் ஒவ்வொரு பலகையிலும், அது உட்காரும் சட்டத்தின் உள்பக்கத்திலும் ஒரே எண் பென்சிலில் எழுதியிருந்தது. கையால் செய்த நாற்காலிகள், ஒவ்வொரு பலகையையும் அதன் சட்டத்துக்கு இழைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். முடித்த மூன்றிலும் அடிப்பக்கம் மறைய எண்ணின் மேல் நான் காடாத் துணி அடித்து மூடியிருந்தேன், அதை மறுபடி பிரித்து எண் தெரிகிற மாதிரி சதுரமாக வெட்டிவிட்டேன்.

ஆறாவதை இந்த வாரம் முடித்துவிடுவேன், ஃபோம் வெட்டியாகிவிட்டது, டெனிம் தைத்தாகிவிட்டது. அப்பாவின் திரைத்துணியில் மடிப்புக்குள் இருந்த நிறம் போகாத பட்டைகளைச் சேர்த்தால் ஒரு சின்னத் தலையணை உறைக்குத் தேறும், அம்மா அதைத் துவைத்து வைத்திருக்கிறார். முடித்த ஐந்து பலகைகளின் அடியிலும் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் மாதம், வருடம், ஃபோமின் எடை, பின்னின் நீளம், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். அடுத்து பிரிக்கிறவருக்கு அது வேண்டியிருக்கும்.