கப்பலேறிப் போனவரின் பெயர்

எங்கள் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனார் என்று பாட்டி சொல்வார், அதற்கு மேல் வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தேன்.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து நேட்டாலின் துறைமுகமான டர்பன் போய்ச் சேர்ந்தது. அப்போதிலிருந்து 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் கப்பல் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு வரிசை எண், அப்புறம் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம். ஒரே வரிதான், ஆனால் அந்த வரியில் அப்பா பெயரைப் பார்க்கும்போது நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

சிக்கல் பெயரில்தான் இருக்கிறது. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியதால் முதலியார் அங்கே மூட்லி ஆகிவிட்டார், கவுண்டர் கோவெண்டர் ஆகிவிட்டார். அதனால் பெயரை மட்டும் நம்பித் தேடாதீர்கள், கிராமம், அப்பா பெயர், வயது மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். கிராமப் பெயரை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் சட்டென்று பிடிபடும்.

மொரீஷியஸுக்குப் போனவர்கள் என்றால் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் ஆவணங்கள் இருக்கின்றன, பலருக்குப் புகைப்படமும் உண்டு.

எனக்கு இதுவரை பொருந்தி வந்தவை இரண்டு வரிகள். ஒன்றில் அப்பா பெயர் சரியாக இருக்கிறது, வயது நான்கு கூடுதல். சரி, அடுத்து அந்த எண்ணை வைத்து அவருடைய திருமணப் பதிவைத் தேடப் போகிறேன்.