பள்ளிதான் போனது, மைதானமாவது மிஞ்சட்டும்

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று எங்கள் தெருமுனைப் பள்ளியை மூடினார்கள். சரி. இப்போது அந்த மைதானத்தையும் வீடு கட்ட விற்கப் போகிறார்களாம். லண்டனில் வீடு எவ்வளவு பெரிய தவிப்பு என்று தெரியும், நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். கட்டடம் நின்ற இடத்தில் கட்டட்டும், புல்வெளியை விட்டுவிடுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

கடந்த 10 ஆண்டுகளுக்குள் அரசுப் பள்ளி பயன்படுத்திய விளையாட்டுத் திடலை விற்க, இங்கிலாந்தில் கல்வி அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். 1998 பள்ளிச் சட்டத்தின் 77ஆம் பிரிவு அது. அப்புறம், 2011 உள்ளாட்சிச் சட்டப்படி (Localism Act) 'சமூகச் சொத்து' என்று கவுன்சிலின் பட்டியலில் சேர்த்துவிட்டால், வாங்க முன்வரும் ஊர்க்குழுவுக்காக விற்பனையை 6 மாதம் நிறுத்திவைக்கலாம்.

என் மகள் சைக்கிள் பழகிய புல்தரை அது. சனிக்கிழமை காலை பள்ளி வாசலில் கையெழுத்து வாங்குகிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் அவசியம் வாருங்கள்.