35 கிராம் வௌவால்: செய்து பார்த்த அனுபவம்

எங்கள் பகுதி நூலகத்திற்கு விடுமுறையில் வரும் குழந்தைகளுக்காக, இரத்தம் உண்ணும் வௌவாலின் மாதிரி ஒன்றை இயல்பான அளவிலேயே செய்துவருகிறேன். அலமாரியில் வைத்துப் பார்க்கும் பொம்மையாக இல்லாமல், அந்த உயிரினம் எப்படி உணவு தேடுகிறது, எப்படி உண்கிறது, உண்டதைச் சுமந்துகொண்டு எப்படிப் பறக்கிறது என்பதைக் குழந்தைகள் தங்கள் கையாலேயே செய்து அறியும்படி அது அமைய வேண்டும் என்பதே திட்டம். உலகிலுள்ள 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களில் இரத்தத்தை மட்டுமே உண்டு வாழ்பவை மூன்றுதான். மூன்றும் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரையிலான லத்தீன் அமெரிக்க நிலப்பரப்பில் வாழ்கின்றன. அவற்றில் அதிகமாகக் காணப்படுவதும் அதிகமாக ஆராயப்பட்டதுமான டெஸ்மோடஸ் ரொட்டண்டஸ் என்னும் இனத்தையே மாதிரிக்குத் தேர்ந்தெடுத்தேன்.

உடலைக் காகிதக்கூழாலும், இறக்கையைக் கட்டுக்கம்பியின் மேல் பழைய குடைத்துணியை இழுத்துத் தைத்தும் செய்தேன். இறக்கைகளை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுமார் 35 சென்டிமீட்டர் வருகிறது. எடையைத்தான் விடாப்பிடியாகச் சரிசெய்தேன்: வயிற்றுக்குள் அரிசியைச் சேர்த்தும் குறைத்தும், சமையலறைத் தராசு 35 கிராம் காட்டும்வரை விடவில்லை. இத்தனை அச்சத்தைக் கிளப்பும் விலங்கு இவ்வளவு லேசானதா என்று குழந்தைகள் மாறிமாறிக் கையில் வாங்கிப் பார்க்கிறார்கள்.

நிற்கும் விதத்தையும் மாற்ற வேண்டியிருந்தது. பெரும்பாலான வௌவால்கள் தரையில் தடுமாறும். இதுவோ மாட்டின் அருகே தரையிறங்கி, நான்கு கால்களால் ஓசையின்றி நடந்து நெருங்கும். ஆய்வாளர்கள் டேனியல் ரிஸ்கினும் ஜான் ஹெர்மன்சனும் இதை ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, முன்கைகளின் வலிமையால் துள்ளித்துள்ளி ஓடுவதை 2005-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். ஆகவே கட்டைவிரல்களை நீளமாகச் செய்து, மடித்த இறக்கைகளை ஊன்றி நிற்கும்படி வளைத்தேன்.

அடுத்தது வாய். மேல் வெட்டுப்பற்கள் இரண்டையும் மெல்லிய தகட்டுத் துண்டுகளால் செய்து, குழந்தைகளின் விரலைக் கிழித்துவிடாதபடி முனையை மழுக்கினேன். உண்மையான பற்களில் எனாமல் பூச்சு இல்லாததால் அவை தேயத்தேயக் கூர்மையாகவே இருக்கும். சில மில்லிமீட்டர் அகலமுள்ள தோலைச் செதுக்கி எடுப்பதுடன் அவற்றின் வேலை முடிந்துவிடும். வௌவால் இரத்தத்தை உறிஞ்சுவதில்லை, நக்குகிறது. நாக்கு முன்னும் பின்னும் அசையும்போது, அதன் அடிப்புற விளிம்புகளில் உள்ள இரண்டு பள்ளங்களின் வழியே இரத்தம் வாய்க்குள் ஏறுகிறது. இதைக் காட்ட இரண்டு கண்ணாடிச் சில்லுகளை ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் தீக்குச்சி அளவு விலகியும் இருக்குமாறு கட்டி, சிவப்புச் சாயம் கலந்த நீரில் நிறுத்தினேன். இடைவெளி குறுகக் குறுக நீர் மேலேறுவதைக் கண்ட பிறகு, பாடநூலில் படித்த நுண்புழை ஏற்றத்தை யாரும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இரத்தம் உறையாமல் இருப்பதைக் காட்டப் பாலில் எலுமிச்சைச் சாறு விடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பால் திரிவதும் இரத்தம் உறைவதும் வெவ்வேறு நிகழ்வுகள் என்பதால் அதை ஏற்கவில்லை. இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோலப் பின்னிக்கொள்கின்றன. அதனால் புட்டியின் கழுத்தில் நூலைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, மேலிருந்து சிவப்புப் பாசிமணிகளைக் கொட்டினோம். மணிகள் வலையில் சிக்கி அடைத்துக்கொண்டன. வௌவாலின் உமிழ்நீர் இங்கே இரண்டு வேலைகளைச் செய்கிறது: அதிலுள்ள டிராகுலின் என்னும் பொருள் வலை பின்னப்படுவதையே தடுக்கிறது, இன்னொரு பொருளான ஒரு நொதி, பின்னப்பட்ட இழைகளைக் கரைக்கிறது. பெயரைக் கேட்டுச் சிரித்த குழந்தைகளிடம் கத்தரிக்கோலைக் கொடுத்து நூலை வெட்டச் சொன்னேன். இழைகளைக் கரைக்கும் அந்த நொதியின் செயற்கை வடிவம், மூளையில் இரத்தக்கட்டியால் வரும் பக்கவாதத்திற்கு மருந்தாகுமா என்று மனிதர்களிடம் சோதிக்கப்பட்டது.

எங்கே கடிப்பது என்பதை வெப்பம் சொல்கிறது. கண்ணைக் கட்டிக்கொண்டு, வெதுவெதுப்பான நீருள்ள புட்டி எது, சாதாரண நீருள்ளது எது என்று கன்னத்தருகே பிடித்துக் கண்டறியச் சொன்னேன். சில விரற்கடைத் தொலைவு வரை பலரால் முடிந்தது. வௌவாலின் மூக்கைச் சுற்றியுள்ள குழிகள் சுமார் 20 சென்டிமீட்டர் தொலைவிலிருந்தே உடல் வெப்பத்தை உணர்கின்றன. நம் உடலில் 43 டிகிரி செல்சியஸ் அளவில் சுடுகிறது என்று அறிவிக்கும் அதே புரதம், அங்குள்ள நரம்புகளில் சற்றுக் குறுகிய வடிவில் அமைந்து 30 டிகிரி அளவிலேயே விழித்துக்கொள்கிறது என்பதை டேவிட் ஜூலியஸின் ஆய்வுக்குழு 2011-இல் கண்டறிந்தது.

என் மனத்திற்கு மிகவும் பிடித்த பகுதி வயிறு. ஒரு வேளையில் இந்த வௌவால் சுமார் 20 மில்லிலிட்டர் இரத்தம் குடிக்கிறது. அது அதன் எடையில் பாதிக்கும் மேல். 30 கிலோ எடையுள்ள ஒரு சிறுமி, வீட்டிற்கு வரும் 20 லிட்டர் தண்ணீர்க் கேனில் 17 லிட்டரை அரைமணி நேரத்தில் குடித்து முடிப்பதற்கு இது சமம். இந்த எடையுடன் பறப்பது எளிதன்று. அதனால் அது குடித்துக்கொண்டிருக்கும்போதே, இரத்தத்திலுள்ள நீரைச் சிறுநீரகம் பிரித்து வெளியேற்றத் தொடங்கிவிடுகிறது. இதற்காக அரிசிக்குப் பக்கத்தில் மல்துணிப் பை ஒன்றைத் தைத்து, பாசிமணியும் நீருமாக 20 கிராம் ஊற்றி, மாதிரியைத் தராசின் மேல் ஒரு சிறு முக்காலியில் தொங்கவிட்டு, சொட்டும் நீரைத் தராசுக்கு வெளியே வடியவிட்டேன். எண் 55-இலிருந்து இறங்க இறங்கக் குழந்தைகள் உரக்கப் படித்தார்கள். உண்மையில் புரதங்களில் ஒரு பகுதி நீரில் கரைந்தும் இருப்பதால், துணியால் காட்ட முடிவது பாதிதான்.

இரத்தத்தில் கொழுப்பு மிகக் குறைவு. ஆகவே சேமித்து வைத்துப் பட்டினியைத் தாங்க முடியாது. இரண்டு மூன்று இரவுகள் உணவு கிடைக்காவிட்டால் வௌவால் இறந்துவிடும். இந்த இடத்தில் மாதிரியை ஓரமாக வைத்துவிட்டுப் பகடையை எடுத்தோம். இரண்டு வயதுக்குட்பட்ட இளம் வௌவால்கள் மூன்றில் ஒரு இரவு வெறும் வயிற்றுடன் திரும்புவதாக, கோஸ்டாரிகாவில் ஆராய்ந்த ஜெரால்ட் வில்கின்சன் கணக்கிட்டிருக்கிறார். பகடையில் 1 அல்லது 2 விழுந்தால் பட்டினி என்று விதித்தால் அதே வாய்ப்பு வந்துவிடுகிறது. தொடர்ந்து இரண்டு முறை பட்டினி கிடந்தவர் ஆட்டத்திலிருந்து விலக வேண்டும். பகிர்வே இல்லாமல் ஆடியபோது பத்துச் சுற்றுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் சுவரோரம் போய் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு, உணவு கிடைத்தவர் பக்கத்திலிருப்பவருக்குச் சில மணிகளைக் கொடுக்கலாம் என்று விதியை மாற்றினேன், வெளியேறுவது அரிதாகிவிட்டது.

வௌவால்கள் உண்மையில் இதைத்தான் செய்கின்றன. உண்ட இரத்தத்தில் ஒரு பங்கை எதிரெடுத்து, பசித்த தோழிக்கு வாயோடு வாயாக ஊட்டுகின்றன. வில்கின்சன் இதை 1984-இல் வெளியிட்டார். யாருக்குக் கொடுப்பது என்பதில் உறவுமுறையைவிட, முன்பு தனக்குக் கொடுத்தது யார் என்பதே அதிகம் தீர்மானிக்கிறது என்று ஜெரால்ட் கார்ட்டரும் அவரும் 2013-இல் காட்டினார்கள். அந்நியமான இரண்டு வௌவால்கள் முதலில் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம்செய்து பழகிய பின்னரே உணவு தரும் அளவுக்கு நெருங்குகின்றன என்பது கார்ட்டர் குழுவின் பிந்தைய ஆய்வு. எங்கள் ஆட்டத்தில், மணி கொடுக்க மறுத்த ஒரு சிறுவனுக்கு அடுத்த சுற்றில் யாருமே கொடுக்கவில்லை. அதை நான் சொல்லித்தரவில்லை.

நம்மையும் கடிக்குமா என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் வருகிறது. மனிதர்களைக் கடிப்பது உண்டு; ஆனால் லத்தீன் அமெரிக்காவில் இவற்றின் பெரும் தீங்கு மாடுகளுக்குப் பரப்பும் வெறிநோய்தான். டிரினிடாட்டில் ஜோசப் பவான் என்ற மருத்துவர்தான் 1930-களின் தொடக்கத்தில் அந்தத் தொடர்பை நிறுவினார். இந்தியாவில் இரத்தத்தை மட்டுமே உண்டு வாழும் வௌவால் எதுவும் இல்லை என்பதையும், எந்த வௌவாலையும் வெறுங்கையால் தொடக்கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

இப்போது, இரத்தம் உண்ணும் மூன்று இனங்களில் மற்றொன்றான வெள்ளைச் சிறகு இனத்தைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். அது மரத்தில் உறங்கும் பறவைகளை நாடி, கிளையின் அடிப்பக்கமாகத் தலைகீழாக ஊர்ந்து சென்று கால்விரலைக் கடிப்பது. எனவே 20 கிராம் நீரையும் சேர்த்துத் தாங்கும் பிடிமானம் கம்பிக் கால்களுக்கு வேண்டும். இப்போதுள்ள கட்டுக்கம்பி வளைந்துவிடுகிறது. சற்றுத் தடித்த கம்பி வாங்கி வைத்திருக்கிறேன்.