ஸ்டார்ம் ஸ்லாட் கிடைத்தவர்களே, பஃபரை நீங்களே கலந்துகொண்டு போங்கள்

ஒருவழியாக ஸ்டார்மில் (மின்னும் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் குறித்து, சாதாரண மைக்ராஸ்கோப்பைவிட நுணுக்கமான படம் எடுக்கும் முறை) மைக்ரோடியூபூல், அதாவது செல்லுக்குள் இருக்கும் நுண்குழாய், படம் வந்துவிட்டது. செல் வளர்த்தது, ஃபிக்ஸ் செய்தது, ஆன்டிபாடி போட்டது எல்லாம் தடங்கலில்லாமல் முடிந்தன. இழுபறியெல்லாம் மைக்ராஸ்கோப் அறைக்குள்தான்.

படம் எடுக்கும்போது செல்களை மூழ்கவைக்கும் கரைசல்தான் பஃபர். "பஃபர் இங்கேயே இருக்கு, சும்மா வாங்க" என்றார் ஆபரேட்டர். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுத்த டியூபில் தேதியும் இல்லை, நேரமும் இல்லை. கேட்டால், "காலையிலதான் கலந்தது, எல்லாரும் இதைத்தான் போடுறாங்க." ஆக்சிஜனைத் தீர்க்கும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்சைம் சேர்த்த பஃபர் அது. ஆக்சிஜனைத் தீர்க்கத் தீர்க்க குளுக்கோனிக் அமிலம் சேர்ந்து, சில மணி நேரத்தில் பி.எச். இறங்கிவிடும். அப்புறம் ஆன்டிபாடியில் ஒட்டியிருக்கும் ஒளிரும் டை எங்கே மின்னும்?

போதாக்குறைக்கு, லேசரை ஏற்றவே விடவில்லை. கான்ஃபோகல் மைக்ராஸ்கோப்பில் டை வெளுத்துவிடுமே என்று லேசரைக் குறைப்போம். இங்கே நேர்மாறு. நான் போட்ட டையான அலெக்சா 647-இன் மூலக்கூறுகளில் பெரும்பாலானவற்றை அடித்து அணைத்தால்தான் மிச்சமிருப்பவை தனித்தனியாக மின்னும். ஒவ்வொன்றின் மையத்தையும் ஏறத்தாழ 20 நானோமீட்டர் துல்லியத்தில் குறிக்கலாம். எனக்குக் கிடைத்ததோ சாதாரண மைக்ராஸ்கோப்பே காட்டும் 250 நானோமீட்டர் பட்டைகள். கட்டணத்தில் மட்டும் ஒரு ரூபாய் குறையவில்லை.

லேசருக்காகக் கைடை மெயில் போடவைத்தேன். அடுத்த ஸ்லாட்டுக்கு என்சைம்களை ஐஸில் வைத்து எடுத்துப்போய், டை மின்ன உதவும் சிஸ்டியாமினை அன்றைக்கே எடைபோட்டு, ஸ்கோப் பக்கத்திலேயே கலந்தேன். அழுகிய முட்டை நாற்றம். ஏசி அறையில் ஆளாளுக்கு மூக்கைப் பொத்தினார்கள். பொத்தட்டும். சேம்பரை விளிம்புவரை நிரப்பி, குமிழி இல்லாமல் மூடுங்கள். காற்று புகுந்தால் உழைப்பு வீண்.

640 நானோமீட்டர் லேசரை முழுசாக ஏற்றியதும் திரை பளீரென்று எரிந்து, அடங்கி, தீபாவளி முடிந்த தெருவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிப்பதுபோல் புள்ளிகள் மின்னத் தொடங்கின. ஆபரேட்டரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்! அணைந்த மூலக்கூறுகளை மறுபடி எழுப்பும் 405 லேசரை ஆரம்பத்திலேயே தொடாதீர்கள். மின்னல் குறையும்போது துளித்துளியாக ஏற்றினால் போதும்.

ஏசி காற்று ஸ்டேஜில் நேராகப் படுகிறதா என்றும் பாருங்கள். ஆயிரக்கணக்கான ஃபிரேம் ஓடுவதற்குள் படம் நகர்ந்துவிடும். 100 நானோமீட்டர் தங்கத் துகள்களைக் கவர்ஸ்லிப்பில் ஒட்டியிருந்ததால் தப்பித்தேன். அவற்றை அடையாளப் புள்ளிகளாக வைத்து, தண்டர்ஸ்டார்ம் என்ற மென்பொருளில் நகர்வைத் திருத்த முடிந்தது.

ஆய்வுக் கமிட்டியில் ஒரு கேள்வி நிச்சயம் வரும்: "மைக்ரோடியூபூல் 25 நானோமீட்டர்தானே, உன் படத்தில் ஏன் இவ்வளவு தடிமன்?" பிரைமரி, செகண்டரி என்று இரண்டு ஆன்டிபாடி சுற்றிலும் ஒட்டியிருப்பதால் 50, 60 என்றுதான் வரும். அந்தப் பதிலை ஸ்லைடிலேயே போட்டுவிடுங்கள்.