இன்ஜெக்டர் திரும்பிவிட்டது, அழுத்தமானி வரவில்லை: பாரம்பரிய ரயில் உபகரணத் திருட்டும் அதன்பின் நடந்த காகிதப் போராட்டமும்

தன்னார்வலர்களாகச் சேர்ந்து பழைய நீராவி எஞ்சின் ஒன்றைப் புதுப்பித்துவரும் எங்கள் சங்கத்தின் கொட்டிலிலிருந்து இன்ஜெக்டர், ஊதல், அழுத்தமானி, செம்புக் குழாய்கள், சிக்னல் அறைக்குரிய டேப்லெட் (ஒற்றைப் பாதையில் நுழைய ஓட்டுநருக்குத் தரப்படும் வட்ட உலோகத் தகடு) ஒன்று ஆகியவை ஒரே இரவில் திருடுபோயின. பூட்டை எப்படி உடைத்தார்கள் என்பதை விவரிக்கப்போவதில்லை; இத்தகைய கொட்டில்களை நடத்துபவர்களுக்கு அது தெரிந்த கதைதான். திருடர்களைவிட அதிகமாக எங்களை அலைக்கழித்தது, அதன்பிறகு ஒவ்வோர் அலுவலகத்திலும் கேட்கப்பட்ட ஒரே கேள்வி: இது உங்களுடைய பொருள்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?

முதல் சறுக்கல் காவல் நிலையத்திலேயே நேர்ந்தது. புகாரை எழுதிக்கொண்ட எழுத்தர், நாங்கள் சொன்ன பெயர்களையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பழைய பித்தளைச் சாமான்களும் கொஞ்சம் செம்புக் குழாயும்” என்று ஒரே வரியில் முடித்து, எடைக்கு என்ன விலை போகும் என்று உத்தேசமாக ஒரு தொகையையும் போட்டுவிட்டார். அந்த ஒரு வரி எவ்வளவு தீங்கானது என்பதை அவருக்குப் புரியவைக்கவே வெகுநேரம் ஆயிற்று. இன்ஜெக்டர் என்பது கொதிகலனின் நீராவியையே உந்துவிசையாகக் கொண்டு, அழுத்தத்தில் இருக்கும் அதே கொதிகலனுக்குள் தண்ணீரைச் செலுத்தும் கருவி. ஆன்ரி ஜிஃபார் 1858இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாட்டில் நகரும் பாகங்கள் மிகக் குறைவு என்பதால் அது வெறும் வார்ப்புத் துண்டைப் போலத்தான் தெரியும். ஆனால் தண்ணீர் செலுத்த வழியில்லாத எஞ்சினில் நெருப்பு மூட்ட முடியாது. கடையில் வாங்கவும் கிடைக்காத அந்தப் பாகத்துக்கு மரத்தில் மாதிரி செய்து, வார்த்து, கடைந்து, சோதித்து முடிக்கும் செலவு, அதன் உலோக மதிப்பைப் போலப் பல மடங்கு ஆகும்.

முதல் புகாரைத் திருத்த இயலாது என்று எழுத்தர் உறுதியாகச் சொல்லிவிட்டார். அவருடைய மேலதிகாரியிடம் போய் மன்றாடிய பிறகுதான், கூடுதல் வாக்குமூலமாக எங்கள் விவரத்தாள்களை இணைத்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். ஆகவே, புகார் சொல்லப் போகும்போது வாயால் சொல்லி எழுதவைக்காதீர்கள். பொருட்பட்டியலைப் படங்களுடன் அச்சிட்டு எடுத்துச் சென்று, “இணைப்பில் உள்ளபடி” என்ற சொற்கள் புகாரிலேயே இடம்பெறுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். மதிப்பு என்ற கட்டத்தில் மறுவார்ப்புச் செலவை எழுதச் சொல்லுங்கள்.

அந்த விவரத்தாள்கள் எங்களிடம் இருந்ததே பெரிய ஆறுதல். அருங்காட்சியகங்கள் கலைப்பொருள்களுக்குப் பயன்படுத்தும் ‘ஆப்ஜெக்ட் ஐடி’ என்ற அடையாளத் தரமுறை 1997இல் வெளியிடப்பட்டது. உலக அருங்காட்சியக அமைப்பான ஐகாம் அதை இன்றும் பரிந்துரைக்கிறது. பொருளின் வகை, செய்பொருள், அளவுகள், பொறிப்புகள், தனித்த அடையாளங்கள், காலம், செய்தவர் என்று அது கேட்கும் கேள்விகள் எளியவையே. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் என்று நினைத்து ரயில்காரர்கள் பலர் அதைப் புறக்கணித்துவிடுகிறார்கள். ஒரே வார்ப்பச்சில் நூற்றுக்கணக்காகப் பிறந்த பாகங்களுக்குத்தான் ‘தனித்த அடையாளங்கள்’ என்ற கட்டம் உயிர்நாடி. எங்கள் ஊதலின் விளிம்பில் பழைய பற்றவைப்புத் தழும்பு ஒன்று இருந்தது. அதை அளவுகோல் வைத்து அருகிலிருந்து எடுத்த படம்தான் பின்னால் ஊதலைப் பற்றிய வாதத்தை முடித்துவைத்தது. ஒவ்வொரு பாகத்தின் எடையையும் குறித்துவைப்பது நல்லது. பழைய உலோகம் வாங்குவோரின் பதிவேட்டில் பொருளின் பெயர் இல்லாவிட்டாலும் எடை இருக்கும்.

திருட்டு தெரிந்த அன்று காலையே அந்தத் தாள்களைச் சுற்றுவட்டாரப் பழைய உலோக வியாபாரிகள் அனைவருக்கும் கொடுத்தோம். அதற்குப் பலன் கிடைத்தது. ஒரு வியாபாரி, தன்னிடம் எடைக்கு வந்த மூட்டையில் இன்ஜெக்டரும் ஊதலும் இருப்பதைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, காவல் நிலையத்துக்குத் தானே தகவல் கொடுத்தார். இந்த விவகாரம் முழுவதிலும் எங்களிடம் ஆதாரம் கேட்காத ஒரே மனிதர் அவர்தான். தாமதித்திருந்தால் இரண்டும் உருக்கும் உலைக்குப் போயிருக்கும்; உருகிய வெண்கலத்துக்கு வரலாறு கிடையாது.

பொருள் கிடைத்துவிட்டது, இனிக் கையெழுத்துப் போட்டு வாங்கிவர வேண்டியதுதான் என்று போனால், புதிய முட்டுக்கட்டை ஒன்று காத்திருந்தது. இன்ஜெக்டரில் குத்தியிருந்த எண்ணும் எங்கள் எஞ்சினின் எண்ணும் வேறு வேறு. “எண்ணே பொருந்தவில்லையே, இது எப்படி உங்களுடையதாகும்?” என்று விசாரணை அலுவலர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் நீராவிக் காலப் பணிமனைகளின் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பே இல்லை. பெரும் பராமரிப்புக்கு வரும் எஞ்சினைக் காத்திருக்கவைக்காமல், அதே வகையைச் சேர்ந்த வேறோர் எஞ்சினிலிருந்து கழற்றிச் செப்பனிட்டு வைத்த பாகத்தைப் பொருத்தி அனுப்பிவிடுவார்கள். இணைப்புத் தண்டுகள் முதல் இன்ஜெக்டர் வரை இப்படி இடம் மாறியவை ஏராளம். ஒரே எஞ்சினில் இரண்டு மூன்று எஞ்சின்களின் எண்கள் காணப்படுவதும் உண்டு. இதை எவ்வளவு விளக்கினாலும், குற்றவாளியின் சாக்குப்போக்கைக் கேட்பது போன்ற பார்வைதான் எதிரிலிருந்து வந்தது. இறுதியில், எஞ்சினில் பொருத்தப்பட்டிருந்த நிலையில் அந்த எண் தெரியுமாறு முன்பே எடுத்துவைத்திருந்த படம் காப்பாற்றியது. கழற்றி மேசைமேல் வைத்து அழகாக எடுக்கும் படம் மட்டும் போதாது. பாகம் எஞ்சினோடு இருக்கும் படமும், எண் தெரியும் படமும், இரண்டையும் சேர்த்துக் காட்டும் படமும் வேண்டும்.

அடுத்தது உடைமை ஆவணம். எஞ்சினைச் சங்கத்துக்குக் கொடுத்தபோது முந்தைய நிர்வாகம் தந்த கடிதத்தில் “ஓர் எஞ்சின், அதன் உபகரணங்களுடன்” என்று மட்டுமே இருந்தது. எந்த உபகரணங்கள் என்று கேட்டால் பதிலில்லை. கொடுத்த அலுவலகத்தில் விசாரித்தபோது, பழைய கோப்புகளைக் கழித்துவிட்டதாக ஒரு எழுத்தர் தலைநிமிராமலே சொன்னார். அடுத்த மேசையிலிருந்தவர், அது வேறு பிரிவின் வேலை என்று வேறொரு கட்டடத்துக்கு அனுப்பினார். அந்தக் கட்டடம் அன்று பூட்டியிருந்தது. கடைசியில் ஒப்படைப்பின்போது தயாரித்த சரிபார்ப்புப் பட்டியலின் நகல், எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவரின் வீட்டு அலமாரியில் கிடைத்தது. நன்கொடையாகவோ கடனாகவோ பொருள் பெறும் சங்கங்கள் அனைத்தும், பாகங்களின் பட்டியலில் இரு தரப்பும் பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமிடுமாறு வற்புறுத்த வேண்டும். கடனாக வந்த பொருளென்றால் புகார் கொடுக்கும் உரிமை யாருக்கு என்பதையும் முன்பே எழுதிக்கொள்வது நல்லது, இல்லாவிட்டால் உரிமையாளரை அழைத்து வாருங்கள் என்று அங்கேயும் திருப்பி அனுப்புவார்கள்.

டேப்லெட்டின் விவகாரம் முற்றிலும் வேறு. 1878இல் எட்வர்ட் டயர் உருவாக்கிய முறையில், ஒற்றைப் பாதையின் ஒரு பிரிவுக்குரிய கருவிகளிலிருந்து ஒரு நேரத்தில் ஒரே ஒரு டேப்லெட்டைத்தான் வெளியே எடுக்க முடியும்; அது கையில் இருக்கும் ஓட்டுநருக்கே அந்தப் பிரிவுக்குள் நுழைய அனுமதி. அந்த வட்டத் தகட்டில் இரு முனை நிலையங்களின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கும் என்பதால் சேகரிப்பாளர்களிடம் அதற்குக் கிராக்கி அதிகம். எடைக்கு விற்கும் திருடன் வேறு, சேகரிப்பாளருக்கு விற்கும் திருடன் வேறு. முன்னவனிடமிருந்து மீட்க ஓரிரு நாள்தான் அவகாசம் உண்டு. பின்னவன் பொருளை ஆண்டுக்கணக்கில் பதுக்கிவைத்துவிட்டு ஏலத்துக்குக் கொண்டுவருவான் என்பதால், ரயில் நினைவுப் பொருள்களை ஏலம் விடுவோரிடம் படங்களைக் கொடுத்துவைத்து, அவ்வப்போது நினைவூட்ட வேண்டியிருக்கிறது. இன்டர்போலின் திருடப்பட்ட கலைப்பொருள் தரவுத்தளத்தில் தனிநபரோ சங்கமோ நேரடியாகப் பதிவுசெய்ய முடியாது. அந்தந்த நாட்டின் மைய அலுவலகம் வழியாகக் காவல்துறைதான் அனுப்ப வேண்டும். எங்கள் கோரிக்கை இன்னும் ஏதோ ஒரு மேசையில் இருக்கிறது.

அழுத்தமானி கிடைக்கவில்லை. அதன் வரிசை எண் முகப்புத் தகட்டில் மட்டுமே இருந்தது. தகட்டைக் கழற்றிவிட்டால் மிச்சமிருப்பது பெயரில்லாத பித்தளைக் கூடுதான். அளவுச் சரிபார்ப்புச் சான்றிதழில் அந்த எண் பதிவாகியிருந்தும் பயன்படவில்லை. இப்போது கூட்டின் உட்புறத்திலும் குறியிடுகிறோம். புறஊதா மை வெயிலிலும் கொதிகலனின் வெப்பத்திலும் மங்கிவிடும். அதை மட்டும் நம்பக் கூடாது. எண் குத்துவதென்றால் அழுத்தம் தாங்கும் மெல்லிய பகுதியில் குத்தாமல், கொதிகலன் ஆய்வாளரிடம் கேட்டு இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர்ப்பலகையின் முகத்தில் செதுக்குவதைவிடப் பெரிய அபத்தம் இல்லை. அசலை உள்ளே பூட்டிவிட்டு நகலை எஞ்சினில் மாட்டுவதே உத்தமம். பார்வையாளர்கள் ஏமாற்றமடைவார்கள் என்று எங்கள் கூட்டத்தில் சிலர் எதிர்த்தார்கள். வெறும் திருகாணித் துளைகளைப் பார்த்தால் மட்டும் மகிழ்ந்துவிடுவார்களா என்ன?

மீட்ட பொருள்கள் வழக்கின் சான்றாக நெடுங்காலம் காவலில் இருந்தன. நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்துத் தற்காலிகமாக வாங்கினோம். வழக்கு முடியும்வரை அவற்றை மெருகேற்றவோ அரம் போடவோ கூடாது, ரம்பத்தின் தடங்களும் சான்றுதான். நெம்பிக் கழற்றியதில் இன்ஜெக்டரின் விளிம்பில் விரிசல் விழுந்திருக்கலாம் என்று கொதிகலன் ஆய்வாளர் சந்தேகித்ததால், சாயமூட்டும் சோதனையும் நீரழுத்தச் சோதனையும் செய்யவேண்டியதாயிற்று. இந்தச் செலவைக் காப்பீட்டு நிறுவனம் முதலில் ஏற்கவில்லை; பொருள்தான் திரும்பிவிட்டதே என்றார்கள். இழப்பீட்டுக் கோரிக்கையை முடித்துக்கொள்வதாக நாங்கள் இன்னும் கையெழுத்திடாமல் இருந்ததால் மட்டுமே அதையும் சேர்க்க முடிந்தது. உங்களுக்கு அப்படியொரு படிவம் வந்தால், பாகங்களைச் சோதித்து அறிக்கை கைக்கு வரும்வரை அதில் கையெழுத்திடாதீர்கள்.